சொந்தமாகத் தொழில் செய்ய நினைக்கும் வடிவமைப்பாளருக்கும் நிரலாளருக்கும்: முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

வடிவமைக்கத் தெரியும், ஓரளவு நிரலும் எழுத வரும், ஒரு கம்பெனிக்குக் கீழ் இல்லாமல் தனியாக வேலை செய்யவேண்டும் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இது. நான் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தத் தொழிலைச் செய்கிறேன். அதனால் இங்கே சொல்லும் சட்டமும் வரியும் வாடிக்கையாளரும் இந்த ஊருக்கானவை.

ஃப்ரீலான்ஸ் என்றதும் பலருக்கும் நேரம்தான் நினைவுக்கு வருகிறது. பிடித்த நேரத்தில் எழலாம், பிடித்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம். உண்மைதான், ஆனால் அது சின்ன விஷயம். பிடிக்காத ஒரு வேலை வந்து நிற்கும்போது "இது எனக்கு வேண்டாங்க" என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் பெரிய விஷயம். அடுத்த மாத வாடகை கையில் இல்லாதவரால் அதைச் சொல்ல முடியாது. எல்லோரும் விற்பதையே விற்கிறவராலும் முடியாது. பேச்சுவார்த்தை எல்லாவற்றையும் வாய்வார்த்தையில் விட்டவராலும் முடியாது. கீழே வரும் படிகள் ஒவ்வொன்றும் அந்தப் பலத்தைச் சேர்ப்பதற்காகத்தான்.

வேலையை விடும் முன்

இப்போது சம்பளத்தில் இருக்கிறீர்கள் என்றால் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் மூன்று காரியங்களை முடியுங்கள்.

முதலாவது, ஆறு மாத வீட்டுச் செலவைத் தனி வங்கிக் கணக்கில் சேருங்கள். வாடகை, மளிகை, கடன் தவணை, அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணம் எல்லாம் சேர்த்துத்தான். இதைவிட முக்கியமான முதலீடு இந்தத் தொழிலில் இல்லை. புதுக் கம்ப்யூட்டருக்கும் பெரிய மானிட்டருக்கும் இந்தப் பணத்தை எடுக்காதீர்கள். படம் வரையவும் வீடியோ எடிட் செய்யவும் உதவும் பிளெண்டர், இங்க்ஸ்கேப், கிரிட்டா, கேடென்லைவ் போன்ற மென்பொருள்கள் பழைய கம்ப்யூட்டரில் இலவசமாக ஓடும். வருமானம் வந்த பிறகு நல்ல இயந்திரம் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. கம்பெனி எடுத்துக் கொடுத்த குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு போய்விடும். தனிநபர் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதனால் வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. தள்ளிப்போட இருந்த ஒரு சாக்கும் போயிற்று.

மூன்றாவது, உங்கள் வேலை நியமனக் கடிதத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். வேலையில் இருக்கும்போது வெளி வேலை செய்யத் தடை இருக்கிறதா? நீங்கள் எழுதும் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒரு வரி இருக்கிறதா? "விலகிய பின் இரண்டு வருடம் இதே துறையில் வேலை செய்யக்கூடாது" என்பது போன்ற நிபந்தனையைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதையே தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் கம்பெனியின் ரகசியங்களையும் அதன் கோப்புகளையும் எடுத்துச் செல்லக்கூடாது என்ற நிபந்தனை செல்லும். பென்டிரைவில் எதையும் எடுத்து வராதீர்கள். நீங்கள் செய்த வேலையைக் காட்ட விரும்பினால் எழுத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை விற்கப் போகிறீர்கள்

"வெப்சைட் செய்வேன், லோகோ போடுவேன், வீடியோ எடிட் பண்ணுவேன்" என்று சொல்கிறவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அப்படிச் சொன்னால் பேச்சு நேராக விலைக்குப் போய்விடும். உங்களுக்கு முன்னால் வந்தவர் ஐந்தாயிரம் சொல்லியிருப்பார், நீங்கள் நாலாயிரத்து ஐந்நூறு சொல்லவேண்டி வரும். இரண்டு திறமைகள் சேரும் இடத்தைத் தேடுங்கள். கலைக் கண்ணும் வேண்டும், தொழில்நுட்பக் கையும் வேண்டும் என்கிற இடத்தில் ஆட்கள் மிகக் குறைவு.

எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட ஓர் இடத்தைச் சொல்கிறேன்: திரையில் தமிழை ஒழுங்காக அமைப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் எத்தனை செயலிகளில், எத்தனை நிறுவனத் தளங்களில் தமிழ் உடைந்து கிடக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பொத்தானுக்குள் அடங்கிய சொல், தமிழில் "சமர்ப்பிக்கவும்" என்று வந்ததும் பொத்தானை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலும் கீழும் நீளும் எழுத்துகள் அடுத்த வரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இணையத்தில் தமிழுக்கு வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.6 மடங்காவது வேண்டும் என்பது என் கணக்கு. ஆங்கிலத் தலைப்புக்குப் பழகியவர்கள் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டி, துணையெழுத்துகளைப் பிரித்துவிடுவார்கள். சாய்வெழுத்து இல்லாத எழுத்துருவை மென்பொருள் தானே சாய்த்து அலங்கோலம் செய்துவிடும்.

அச்சுத் தொழிலின் பக்கம் போனால் இன்னொரு பெரிய வேலை காத்திருக்கிறது. டிடிபி சென்டர்களிலும் அச்சகங்களிலும் பல வருடங்களாகச் சேர்ந்த கோப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றை அப்படியே தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றி, மாற்றியதில் வந்த பிழைகளைத் திருத்தி, அதன் பிறகுதான் வடிவமைக்க முடியும். யுனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் அடோபி மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதால் "கொ", "கெ" எல்லாம் கொம்பு இடம் மாறி பேனரில் தொங்குவதை இன்றும் பார்க்கிறோம். செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்களிலும் தமிழ் எழுத்து அடிக்கடி இல்லாத வடிவங்களில் வந்து நிற்கிறது. இதையெல்லாம் கண்டுபிடித்துச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு ஊர் எல்லை கிடையாது. சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அங்கும் அறிவிப்பு, படிவம், செயலி எல்லாம் தமிழில் வேண்டியிருக்கிறது.

இது ஓர் எடுத்துக்காட்டுதான். உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள், கரூரில் வீட்டு உபயோகத் துணி, சிவகாசியில் காலண்டரும் லேபிளும், கோவையில் பம்பும் கிரைண்டரும். வெளிநாட்டு வாங்குபவர் ஓர் ஏற்றுமதியாளரின் தளத்துக்கு வந்தால் பூப்பூவாக அசையும் முகப்பு அவருக்கு வேண்டாம். ஆலையின் கொள்ளளவு, சான்றிதழ், துணி வகை, தொடர்பு எண் இவை ஒரு நிமிடத்தில் கிடைக்கவேண்டும். பம்பு வாங்கிய விவசாயிக்கு, மாட்டும் முறையைப் படத்தோடு தமிழில் சொல்லும் ஒரு பக்கம் வேண்டும். பெட்டியில் க்யூஆர் ஒட்டினால் அந்தப் பக்கம் திறக்கவேண்டும். படமும் வரையவேண்டும், பக்கமும் செய்யவேண்டும், தமிழும் எழுதவேண்டும். மூன்றையும் ஒருவரே செய்வதாகச் சொன்னால் அந்தக் கம்பெனிக்காரர் உட்கார்ந்து கேட்பார்.

காட்டுவதற்கு மூன்று வேலைகள்

புதியவரிடம் எல்லோரும் கேட்பது "இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்?" என்றுதான். காசு கொடுத்து யாரும் இன்னும் வேலை தரவில்லை என்றால் நீங்களே ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். ஆனால் கற்பனைக் காபிக் கடைக்கு லோகோ போடாதீர்கள். அதை எல்லோரும் போடுகிறார்கள், அதில் எந்தச் சிக்கலும் இல்லை என்பதால் அதிலிருந்து உங்களைப்பற்றி எதுவும் தெரியாது.

நிஜமான ஒரு தொல்லையைத் தீருங்கள். உழவர் சந்தை 1999-இல் மதுரையில் தொடங்கியது. இன்று பல ஊர்களில் இருக்கிறது. தினமும் அங்கே கரும்பலகையில் விலை எழுதுகிறார்கள். உங்கள் ஊர்ச் சந்தையின் விலையைச் சின்ன போனிலும், வெயிலில் நின்றபடியும், படிக்கிற மாதிரி ஒரே பக்கத்தில் காட்ட முடியுமா? எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், நேற்றைய விலையோடு எப்படி ஒப்பிட்டுக் காட்டுவது, நெட் மெதுவாக இருந்தால் என்ன ஆகும்? பேருந்து நிலையத்தின் நேர அட்டவணையை, கிளை நூலகத்தின் புத்தகப் பட்டியலை இதேபோல எடுத்துச் செய்யலாம். கிட்ஹப் பேஜஸ் என்ற இணையச் சேவையில் இப்படிப்பட்ட பக்கத்தைக் காசில்லாமல் வைக்கலாம்.

ஒவ்வொரு வேலையின் பக்கத்திலும் என்ன சிக்கல் இருந்தது, எதை முயன்று எதைக் கைவிட்டீர்கள், ஏன் இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று எளிய தமிழிலோ ஆங்கிலத்திலோ நாலு பத்தி எழுதுங்கள். வாடிக்கையாளர் படத்தைப் பார்த்து மயங்கலாம், பணம் கொடுக்கத் துணிவது இந்த நாலு பத்தியைப் படித்த பிறகுதான். இருபது வேலை காட்டவேண்டியதில்லை, மூன்று போதும்.

சொந்தப் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்கிவிடுங்கள். சமூக ஊடகப் பக்கம் இருக்கட்டும், ஆனால் அது இன்னொருவர் இடம். நாளைக்கு அவர்கள் விதியை மாற்றினால் உங்கள் வேலை யார் கண்ணிலும் படாது.

விலை சொல்வது

எவ்வளவு கேட்பது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வாழ்க்கையில் இருந்து கணக்குப் போடுங்கள். மாதம் வீட்டுக்கு 35,000 ரூபாய், மின்சாரம் நெட் மென்பொருள் பயணம் என்று தொழிலுக்கு 10,000, வரிக்கும் சேமிப்புக்கும் 15,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60,000, வருடத்துக்கு 7,20,000. வருடத்தில் ஏறக்குறைய 240 வேலை நாள். ஆனால் அதில் பாதி வாடிக்கையாளர் தேடவும், விலைப்புள்ளி எழுதவும், பணம் கேட்டு நடக்கவும், புதிதாகக் கற்கவும் போய்விடும். காசு தரும் நாள் 120. ஆக உங்கள் ஒரு நாளின் விலை 6,000 ரூபாய்.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். அவரிடம் முழு வேலைக்கான தொகையைச் சொல்லுங்கள். ஏழு நாள் ஆகும் என்று தோன்றினால், திருத்தங்களையும் சேர்த்து ஒன்பது நாளுக்குக் கணக்கிட்டு 54,000 என்று சொல்லலாம். நாள் கணக்கில் பேசினால் நீங்கள் வேகமாக ஆக ஆக வருமானம் குறையும். அது நியாயமில்லை.

"தம்பி, சின்ன வெப்சைட்தான், நாலு பக்கம், எவ்வளவு ஆகும்?" என்று போனில் கேட்பார்கள். அந்த இடத்திலேயே எண் சொல்லவேண்டாம். "சார், விலை சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயம் கேட்டுக்கறேன். இந்த சைட்டைப் பார்த்துட்டு யார் உங்களுக்கு போன் பண்ணணும்னு நினைக்கிறீங்க? போட்டோ, விவரம் எல்லாம் தயாரா இருக்கா? எந்தத் தேதிக்குள்ள வேணும்?" இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர் நல்ல வாடிக்கையாளர். "அதெல்லாம் விடுங்க, ரேட்டச் சொல்லுங்க" என்கிறவரோடு வேலை செய்தால் கடைசி வரை அப்படித்தான் இருக்கும். அவரிடம் "வேண்டாங்க" என்று சொல்லத்தான் அந்த ஆறு மாதப் பணம்.

இலவச மாதிரி வேலை கேட்பார்கள். செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்த மூன்றைக் காட்டுங்கள். அவசியம் என்றால் சின்னதாக ஒரு பகுதிக்கு மட்டும் விலை பேசிச் செய்து கொடுங்கள்.

எழுத்தில் வாங்குங்கள்

இந்தப் பகுதியைத்தான் புதியவர்கள் தாண்டிப் போகிறார்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், நண்பரின் மாமா என்று கூச்சப்படுவார்கள். என் அனுபவத்தில் தெரிந்தவரிடம்தான் எழுத்து இன்னும் அவசியம், ஏனென்றால் சண்டை வந்தால் உறவும் போய்விடும்.

முத்திரைத்தாள், வக்கீல் எல்லாம் முதல் நாளே வேண்டியதில்லை. இரண்டு பக்கத்தில் சாதாரணத் தமிழில் எழுதினாலே போதும். மின்னஞ்சலில் அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்கினாலும் அது ஒப்பந்தம்தான், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அதை ஏற்கிறது. ஆனால் உரிமையை மாற்றிக் கொடுக்கும் பகுதிக்குக் கையெழுத்து வேண்டும்.

என்னென்ன எழுதவேண்டும்? என்ன செய்து தருவீர்கள் என்பதை எண்ணிக்கையோடு எழுதுங்கள்: எத்தனை பக்கம், எத்தனை படம், எந்த மொழிகள். எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். விவரம் எழுதித் தருவது, போட்டோ எடுப்பது, அடுத்த வருடப் பராமரிப்பு இவை விலையில் இல்லை என்றால் இல்லை என்றே இருக்கட்டும். அதன் பிறகு பணம், தேதி, திருத்தம். நான் ஏறக்குறைய இப்படித்தான் எழுதுவேன்:

"மொத்தத் தொகையில் பாதி வேலை தொடங்கும் முன், மீதி தளத்தைப் பொதுப் பார்வைக்கு வைக்கும் முன். வடிவமைப்பில் இரண்டு சுற்றுத் திருத்தங்கள் இந்த விலைக்குள் அடங்கும், அதற்கு மேல் தனி விலை. தங்கள் பக்கமிருந்து விவரங்கள் வர முப்பது நாளுக்கு மேல் ஆனால், அதுவரை செய்த வேலைக்குப் பில் அனுப்பப்படும். முழுத் தொகையும் வந்து சேர்ந்த நாளில் உரிமை தங்களுக்கு மாறும்."

கடைசி வரியைக் கவனியுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாகச் செய்ததற்கு முதல் உரிமையாளர் முதலாளி. நீங்கள் தனியாக இருந்து, வேறு எதுவும் எழுதிக் கொடுக்காமல், ஒருவருக்கு நிரல் எழுதினால் முதல் உரிமையாளர் நீங்கள்தான். நிரலைச் சட்டம் இலக்கியப் படைப்பாகக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம், எடுக்கச் சொன்ன திரைப்படம் இவற்றில் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் முதல் உரிமை பணம் கொடுத்தவருக்கு. அதனால் போட்டோவும் ஓவியமும் செய்கிறவர்கள் தொடங்கும் முன்பே எழுதிக்கொள்வது மிக முக்கியம்.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்திலும் கையெழுத்தோடும் இருக்கவேண்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இது உங்களுக்குப் பேரம் பேச நல்ல இடம். ஒரு படத்தைப் பெட்டி மேல் அச்சிட மட்டும் ஒரு விலை, எல்லா ஊடகத்துக்கும் எக்காலத்துக்கும் என்றால் வேறு விலை. எல்லாவற்றையும் விற்றுத்தான் ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அதேபோல உங்கள் பக்கம் நியாயம் ஒன்று உண்டு. வாடிக்கையாளருக்கான டொமைனை அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் வாங்குங்கள். கடவுச்சொல்லை உங்கள் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பிடித்து வைப்பது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அது தவறு. உங்களிடமிருந்து எளிதாக விலக முடியும் என்று தெரிந்தவர்தான் தைரியமாகத் திரும்பி வருவார், நாலு பேரிடமும் சொல்வார்.

பதிவு, பில், வரி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு முறை நல்ல ஆடிட்டர் ஒருவரைப் பாருங்கள், அந்தக் காசு வீண் போகாது.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுத் தளத்தில் ஆதாரும் பேனும் வைத்து இலவசமாகச் செய்யலாம். காசு கேட்கும் தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். இந்தப் பதிவு எதற்கு என்று கேட்பீர்கள். பாக்கி வசூலிக்கும் இடத்தில் சொல்கிறேன்.

சேவைத் தொழிலில் தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதுவரை வேண்டியதில்லை, வேறு மாநில வாடிக்கையாளர் இருந்தாலும்கூட. பெரிய கம்பெனிகள் ஜிஎஸ்டி எண் இல்லாதவரோடு வேலை செய்யத் தயங்கும், அப்போது நீங்களாகவே பதிந்துகொள்ளலாம்.

வருமான வரியில் 44ஏடிஏ என்று ஆடிட்டர்கள் சொல்லும் பிரிவு நம்மைப் போன்றவர்களுக்கு மிக உதவியானது. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, ஆனால் பழைய எண்ணைச் சொன்னால் எந்த ஆடிட்டருக்கும் புரியும். ஆண்டு வரவு 50 லட்சம் வரை, ரொக்கமாக வாங்கியது நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகாவிட்டால் 75 லட்சம் வரை, வரவில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டினால் போதும். ஒவ்வொரு செலவுக்கும் கணக்குப் புத்தகம் எழுதவேண்டியதில்லை. இந்தச் சலுகை சில தொழில்களுக்குத்தான். தகவல் தொழில்நுட்பம், தொழில்நுட்ப ஆலோசனை, திரைக்கலைஞர் என்பவை பட்டியலில் உண்டு. வரைகலை வடிவமைப்பு என்ற பெயரில் எதுவும் இல்லை. உங்கள் வேலை எதில் அடங்கும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கம்பெனிகள் பணம் தரும்போது டிடிஎஸ், அதாவது உங்கள் கணக்கில் முன்கூட்டியே கட்டும் வரி, பிடிப்பார்கள். தொழில்முறைக் கட்டணத்துக்குப் பத்து சதவீதம். அது போன பணம் இல்லை, உங்கள் பேன் எண்ணில் சேர்ந்திருக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், அதிகம் பிடித்திருந்தால் திரும்ப வரும். பிடித்தார்களே என்று வருத்தப்பட்டுத் தாக்கல் செய்யாமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்

முதல் வேலை பெரும்பாலும் உங்களை ஏற்கெனவே தெரிந்தவர் மூலம்தான் வரும். பழைய அலுவலகத்தில் உடன் வேலை செய்தவர்கள், கல்லூரி சீனியர், இப்போது வேறு கம்பெனியில் இருக்கும் பழைய மேனேஜர். "வேலை இருந்தா சொல்லுங்க" என்று எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பினால் யாருக்கும் எதுவும் நினைவில் நிற்காது. "அண்ணா, நான் இப்ப தனியா பண்றேன். தமிழ்ல ஆப், வெப்சைட் செய்யற கம்பெனிங்களுக்கு எழுத்து உடையாம வடிவமைச்சுத் தர்றேன். அப்படி யாராவது சிரமப்பட்டா என் நம்பரைக் குடுங்க" என்று ஒருவருக்கு எழுதினால் அவருக்குச் சட்டென்று ஒரு முகம் நினைவுக்கு வரும்.

அச்சகக்காரரையும் டிடிபி சென்டரையும் போட்டியாளராக நினைக்காதீர்கள். அவர்களிடம் வருகிறவர் "அப்படியே ஒரு வெப்சைட்டும் போட்டுக் கொடுங்க" என்று கேட்பார், அவர்களுக்கு அது தெரியாது. அவர்களுடைய பழைய கோப்பு ஒன்றை யுனிகோடுக்கு மாற்றிக் கொடுத்துப் பழக்கம் பிடித்தால் வேலை அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். கோவையில் கொடிசியா அரங்கில் நடக்கும் தொழிற்கண்காட்சிகளுக்குப் போய் நடந்து பாருங்கள். எந்த ஸ்டாலில் கையேடு நன்றாக இருக்கிறது, எங்கே பொருள் நன்றாக இருந்தும் விளக்கம் மோசமாக இருக்கிறது என்பது அரை நாளில் தெரிந்துவிடும்.

தனியாக வேலை செய்கிறவருக்குச் சகபாடிகள் வேண்டும். சென்னையில் பைத்தான் பயனர் குழு இருக்கிறது, லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் குழு உண்டு. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கொண்டுவரக் கணியம் அறக்கட்டளை வேலை செய்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு நிரலும் படமும் தெரிந்தவர்கள் எப்போதும் தேவை. வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அங்கே போகாதீர்கள், கற்றுக்கொள்ளப் போங்கள். உங்கள் வேலையின் தரத்தை நேரில் பார்த்தவர்கள் அங்கேதான் உருவாகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வேலை தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்கிறவர், அட்வான்ஸ் அனுப்புகிறேன் க்யூஆரை ஸ்கேன் செய்து ரகசிய பின் நம்பரைப் போடு என்கிறவர், இரண்டு பேரும் ஏமாற்றுக்காரர்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு அந்த பின் நம்பர் தேவையே இல்லை.

பாக்கியை வசூலிப்பது

வேலை முடிந்த அன்றே பில் அனுப்புங்கள். அதில் கடைசித் தேதி இருக்கட்டும். தேதிக்கு இரண்டு நாள் முன் மரியாதையாக ஒரு நினைவூட்டல், தேதி தாண்டினால் போன். போன் செய்யும்போது முதலாளியை விடக் கணக்காளரிடம் பேசுவது பலன் தரும். "மேடம், பில்லுல ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க, இன்னிக்கே திருத்தி அனுப்பறேன்" என்று கேட்டால், எங்கே நிற்கிறது என்று அவர் சொல்லிவிடுவார்.

அப்படியும் நகரவில்லை என்றால் உத்யம் பதிவு கைகொடுக்கும். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், பதிவு பெற்ற சிறு, குறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் 90 நாள் என்று அவர்கள் போட்டாலும் 45 நாள்தான். எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கென்று உள்ள மன்றத்தில் இணையம் வழியாகவே முறையிடலாம். அதோடு, இப்படித் தாமதமாகத் தரும் பணத்தை உங்களிடம் வேலை வாங்கிய கம்பெனி அந்த ஆண்டின் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது, தந்த ஆண்டில்தான் காட்ட முடியும் என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே பல கணக்காளர்கள் அதை மேலே எடுத்து வைத்துவிடுகிறார்கள். வேலை தொடங்கும் முன்பே பதிந்திருக்கவேண்டும், பாக்கி நின்ற பிறகு பதிந்து பயனில்லை.

வெளிநாட்டு வேலை

இதில் பணம் நன்றாக வரும், ஆனால் முதல் வேலையாகத் தேடவேண்டாம். உள்ளூரில் நாலு வேலை முடித்து, பேச்சும் காகிதமும் பழகியபின் போங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, பகலிலேயே பேசிவிடலாம். அமெரிக்காவுக்கு இரவு விழிக்கவேண்டும். தூக்கத்தை விற்பதா என்று யோசித்துச் சம்மதியுங்கள்.

வங்கிக்கு டாலரில் பணம் வரும்போது எதற்காக வந்தது என்று குறியீடு கேட்பார்கள். மென்பொருள் ஆலோசனை என்றால் பி0802. வந்த பணத்துக்கான சான்றை வங்கியிடமோ பணம் மாற்றித் தந்த நிறுவனத்திடமோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வருமான வரிக்கும் ஜிஎஸ்டிக்கும் அது வேண்டும். ஜிஎஸ்டி பதிந்திருந்தால், ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் பில் போட எல்யூடி என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தாக்கல் செய்யவேண்டும். அமெரிக்க நிறுவனங்கள் டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள், நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று சொல்லும் படிவம் அது. பயப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்கென்று ஒன்று

முதல் ஆண்டின் பின்பாதியில், வாரத்தில் அரை நாளையாவது யாரும் கேட்காத, நீங்களே உரிமையாளராக இருக்கும் ஒன்றுக்கு ஒதுக்குங்கள். அது ஒரு எழுத்துருவாக இருக்கலாம், சின்னச் செயலியாக இருக்கலாம், குழந்தைகளுக்கான விளையாட்டாக இருக்கலாம். கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் கருவி கட்டற்றது, வருமானத்தில் பங்கு கேட்காது. கூகுள் ப்ளேயில் கணக்குத் தொடங்க ஒரே ஒரு முறை 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். அதனால் முதலில் ஆண்ட்ராய்டில் தொடங்குவது சரி.

எழுத்துருப் பக்கம் ஆர்வம் இருந்தால் கேட்டமரான் (Catamaran), மீரா இனிமை, பவனம், ஹிந்த் மதுரை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்து ஒவ்வொரு எழுத்தும் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். திருத்தி வெளியிடவும் அந்த உரிமம் அனுமதிக்கிறது, அதே உரிமத்தில் வெளியிடவேண்டும், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு. இந்த வேலை உடனே காசு தராது. ஆனால் வாடிக்கையாளர் யாரும் இல்லாத மாதத்திலும் உங்களிடம் ஒரு வேலை இருக்கும், அதன் உரிமை முழுதும் உங்களிடம் இருக்கும்.

மார்ச் மாதம்

ஆண்டு முடிவில் ஒரு நாள் முழுதும் உட்காருங்கள். எந்த வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். ஒருவரிடமிருந்தே பாதிக்கு மேல் வந்திருந்தால் அவர் பெயர் வாடிக்கையாளர் என்றாலும் உண்மையில் முதலாளிதான். அடுத்த ஆண்டு புதிதாக இரண்டு பேரைத் தேடுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலையையும் எத்தனை நாள் என்று மதிப்பிட்டீர்கள், எத்தனை நாள் ஆனது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அடுத்த விலைப்புள்ளி தானாகச் சரியாகும்.

44ஏடிஏ வழியில் போகிறவர்கள் முன்கூட்டிக் கட்டும் வரியை ஒரே தவணையாக மார்ச் 15-க்குள் கட்டவேண்டும். எல்யூடி எடுத்தவர்கள் புதிய நிதியாண்டுக்கு மறுபடி தாக்கல் செய்யவேண்டும். ஆறு மாதப் பணத்தில் கை வைத்திருந்தால் அதை முதலில் நிரப்புங்கள். அதன் பிறகு, பழைய வாடிக்கையாளர்களுக்கு ஏப்ரல் 1 முதலான புதிய விலையை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். காரணம் விளக்கி நீட்டவேண்டாம், மூன்று வரி போதும்.